படிக்கவோ, படம் எடுக்கவோ?



கடந்த இதழைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை புத்தகத்தைத் திறக்கவில்லையாம். "நாள் முழுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் கடற்கரைக்கும் திரியுது. கேட்டால், 'குறூப் வீடியோ அம்மா, இதுக்கு மாக்ஸ் இருக்கு' எண்டுது. நாங்கள் பிள்ளையைக் கம்பசுக்கு விட்டது படிக்கவோ, படம் எடுக்கவோ?"

நியாயமான கேள்வி. நம்மில் பலருக்குப் பரீட்சை என்றால் மூன்று மணித்தியாலம், ஒரு மண்டபம், சுட்டெண், மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம். ஐந்து பேர் சேர்ந்து கைபேசியில் எடுத்த ஏழு நிமிடக் காணொளிக்கும் புள்ளி உண்டென்றால் பெற்றோருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். படம் எடுப்பதும் படிப்பாகலாம் என்பது என் பதில். ஆனால் அது தானாக நடந்துவிடாது. அந்தப் படத்தின் பின்னால் யார் யார் உழைத்தார்கள் என்பதைப் புள்ளி போடுபவர் கண்டுகொண்டால்தான் அது பரீட்சை. கண்டுகொள்ளாவிட்டால் அம்மாவின் சந்தேகம்தான் சரி. இந்த முறை இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

வன்னிக்கு இது தூரத்து விடயமல்ல. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. வவுனியா பம்பைமடுவில், 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கியது 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து எழுந்தது. அங்கே பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று பீடங்கள். ஒரு காலத்தில் பல்கலைக்கழகம் என்றால் திருநெல்வேலிக்கோ பேராதனைக்கோ பஸ் ஏறவேண்டும். இப்போது ஏ-9 வீதியில் முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போனால், சற்றுத் தள்ளி விரிவுரை மண்டபம். அந்த மண்டபத்துக்குள் நடக்கும் மாற்றம் நம் வயலுக்கும் வாடிக்கும் வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்?

முதலில், விரிவுரையாளர்கள் ஏன் இப்படியொரு வேலையைக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். 2012 இல் வெளிவந்து 2015 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகம், ஒரு பட்டதாரி எவற்றில் தேறவேண்டும் என்று பன்னிரண்டு பேறுகளைச் சொல்கிறது. பாட அறிவு அவற்றில் ஒன்று மட்டுமே. தொடர்பாடல், கூட்டாக வேலை செய்தல், தலைமைத்துவம், பிரச்சினை தீர்த்தல், தகவலைக் கையாளுதல், இசைந்து போதல் என்று மற்றவை தொடர்கின்றன. பொறியியலில் இன்னும் கண்டிப்பு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால், மாணவர் குழுவாக வேலை செய்யவும் மற்றவருக்கு விளங்கும்படி பேசவும் தெரிந்தவர் என்று காட்டவேண்டும். இதை மண்டபத்தில் தனிமேசையில் இருத்தி எப்படிச் சோதிப்பது? "கூட்டாக வேலை செய்வதன் நன்மைகள் ஐந்து தருக" என்று கேட்டால் ஐந்தும் எழுதுவார்கள். எழுதியவர் கூட்டாக வேலை செய்யக்கூடியவரா என்பது அந்தத் தாளில் தெரியாது.

இரண்டாவது காரணம் 2022 நவம்பரில் வந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலியான சட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டிலிருந்து எழுதி வரும் ஒப்படையை நம்பிப் புள்ளி போட முடியாமல் உலகம் முழுவதும் விரிவுரையாளர்கள் திண்டாடுகிறார்கள். நெல்லில் கபிலத் தத்தியைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று கேட்டால், வயலில் கால் வைக்காத பிள்ளையும் நொடியில் அழகான கட்டுரை தரலாம். ஆனால் குறித்த ஒரு கமக்காரர், குறித்த ஒரு வாய்க்காலின் கடைமடையில் நின்று, தண்ணீர் எப்போது வந்தது, எப்போது வரவில்லை என்று சொல்வதைப் பதிவுசெய்து வா என்றால் அங்கே போகாமல் முடியாது. காணொளியையும் இயந்திரம் செய்யும் காலம் வந்துவிட்டது, அது உண்மைதான். என்றாலும் பொய்க் கமக்காரரை உருவாக்கி ஊரை நம்பவைப்பதைவிட நிசக் கமக்காரரைத் தேடிப் போவது இன்னமும் சுலபம்.

அப்படிப் போகும்போது என்ன நடக்கிறது? அறிவியல்நகரிலிருந்து ஒரு குழு இரணைமடுக் குளத்துக் கீழ் வயலுக்குப் போகிறது என்று வையுங்கள். ஆனி மாதம், கச்சான் காற்று அடிக்கிறது. முதல் பேட்டியை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் கமக்காரரின் குரல் இல்லை, காற்றின் இரைச்சல் மட்டுந்தான். ஒருவர் கைபேசியின் இயர்போன் மைக்கைக் கமக்காரரின் சட்டைக்குள் செருகுகிறார். இன்னொருவர் காற்றுக்கு மறைப்பாகக் குடையை விரிக்கிறார். கேள்விகளை எழுதிக்கொண்டு வந்த பிள்ளை, "ஐயா, நீங்கள் சிபாரிசு செய்யப்பட்ட அளவில் பசளை இடுகிறீர்களா?" என்று வாசிக்கிறார். ஐயா அதற்குப் பதில் சொல்லவில்லை. 2021 இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்த வருடம் தன் நெல் எப்படி மஞ்சளித்து நின்றது, கடன் எவ்வளவு, அதற்குப் பிறகு சிபாரிசு என்ற சொல்லையே தான் நம்புவதில்லை என்று கால் மணித்தியாலம் பேசுகிறார். எழுதிவந்த கேள்வி செத்துப்போகிறது. புதிய கேள்வியொன்றை அந்த வரப்பிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. மூன்று மணித்தியால வினாத்தாள் சோதிக்காத இடம் இதுதான். வினாத்தாளில் கேள்வி தயாராக இருக்கும். வயலில் கேள்வியைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு அந்தக் கால் மணித்தியாலத்தை ஒரு நிமிடமாக வெட்டவேண்டும். எதை வைப்பது, எதை விடுவது? கடன் கதையை விட்டால் பசளைக் கதை விளங்காது. இரண்டையும் வைத்தால் நேரம் போதாது. ஐந்து பேரும் ஒரு திரையைச் சுற்றி நின்று இதற்காகச் சண்டை பிடிக்கிறார்களே, அந்தச் சண்டைதான் பாடம். ஒரு விடயத்தின் முதுகெலும்பு எது, சதை எது என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு அந்த விடயம் விளங்கிவிட்டது என்று அர்த்தம். பொறியியல் மாணவர் 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட கதையை எடுத்தாலும், வியாபாரக் கற்கை மாணவர் வவுனியாச் சந்தையில் மரக்கறி விலை காலைக்கும் மாலைக்கும் இடையில் ஏன் விழுகிறது என்று எடுத்தாலும் இதேதான்.

இன்னொரு நன்மையையும் சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, விஞ்ஞான, பொறியியல் பீடங்களுக்குள் கால் வைத்ததும் ஆங்கிலத்துக்குள் விழுகிறார்கள். விளங்கியதைச் சொல்ல வாய் வராமல், வகுப்பின் பின்வரிசையில் ஒரு வருடத்தைக் கழிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு. மேடையில் ஏற்றினால் நா வறளும். கைபேசி முன் அப்படியல்ல. பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம். பத்தாவது தடவை பேசும்போது குரல் தன்பாட்டில் நிமிர்ந்துவிடும். யாரும் சிரிக்காத இடத்தில் பழகிய வாய் பிறகு சிரிக்கும் இடத்திலும் பேசும்.

இனிக் கசப்பான பக்கம். குழு வேலை என்றதும் மாணவர்கள் முகம் சுளிப்பதற்கு ஒரு காரணம் உண்டு: ஓசிப் புள்ளி. ஐந்து பேர் குழுவில் இருவர் ஓடி ஓடி வேலை செய்வார்கள். ஒருவர் சொன்னால் செய்வார். ஒருவர் வட்ஸ்அப்பில் பெருவிரலை மட்டும் உயர்த்துவார். மற்றவரைப் படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில்தான் காணலாம். புள்ளி ஐவருக்கும் ஒன்று.

இது நம் பிள்ளைகளின் தனிக் குணமல்ல. மக்ஸ் றிங்கெல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் விவசாயக் கல்லூரி மாணவர்களைக் கயிறு இழுக்க வைத்து, இழுவிசையை அளந்து, 1913 இல் முடிவை வெளியிட்டார். தனியே இழுக்கும்போது ஒருவர் காட்டும் பலம் நூறு என்றால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு ஏறத்தாழ ஐம்பதுதான் வந்தது. ஒருவரோடு ஒருவர் இழுப்பைப் பொருத்திக்கொள்ள முடியாததும் இதற்குக் காரணம், மற்றவர் இழுப்பார் என்று கை தளர்வதும் காரணம். 1979 இல் அமெரிக்காவில் பிப் லற்றனேயும் அவரது சகாக்களும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்து, அந்த இரண்டாவது காரணம் உண்மைதான் என்று காட்டினார்கள். அதே குழுவினர் 1981 இல் கண்டது நமக்கு இன்னும் முக்கியம். ஒவ்வொருவருடைய சத்தமும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்தவுடன் அந்தத் தளர்ச்சி மறைந்துவிட்டது.

வன்னிக் கமக்காரருக்கு இதை ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் துப்புரவு என்றால் "எல்லாரும் வந்து வெட்டுங்கோ" என்று விடமாட்டார்கள். காணியின் அளவுக்கு ஏற்ப இந்த முளையிலிருந்து அந்த முளை வரை உன் பங்கு என்று அளந்து விடுவார்கள். வாய்க்கால் பொதுவானது. ஆனால் புல் நிற்கும் துண்டு யாருடையது என்று ஊருக்கே தெரியும். குழுக் காணொளிக்கும் அந்த முளைதான் வேண்டும்.

அப்படி முளை அடிக்கும் முறைகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகம் 1998 அளவில் தொடங்கிய சகமாணவர் மதிப்பீட்டு முறை அவற்றில் ஒன்று. அதன் எளிய வடிவத்தைக் கணினி இல்லாமல் கொப்பித் தாளிலும் செய்யலாம் என்பதால் விளக்கிச் சொல்கிறேன். விரிவுரையாளர் காணொளிக்குக் குழுப் புள்ளி 60 போடுகிறார். குழுவில் ஐவர். ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள 100 புள்ளியை, யார் எவ்வளவு உழைத்தார் என்று பார்த்து ஐவருக்கும் பங்கிட்டு இரகசியமாக எழுதிக் கொடுக்கவேண்டும். எல்லாரும் ஒரேயளவு உழைத்திருந்தால் ஆளுக்கு 20 வரும். ஒருவருக்குச் சராசரி 25 வந்தால் அவரது காரணி 1.25, புள்ளி 75. மூவருக்கு 20 வந்தால் அவர்களுக்கு 60. மற்றவருக்கு 15 தான் வந்ததென்றால் காரணி 0.75, புள்ளி 45. படம் ஒன்று, புள்ளி மூன்று வகை.

இதிலும் கள்ளம் உண்டு. ஒரே அறையில் இருக்கும் நண்பர்கள் ஒருவருக்கொருவர் அள்ளிப் போடுவார்கள். பிடிக்காதவருக்குக் குறைப்பார்கள். ஆகவே போட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரியில் காரணம் எழுதச் சொல்லவேண்டும். "நல்ல பிள்ளை" என்பது காரணமல்ல. "கூட்டுறவுச் சங்கத்துக்கு இரண்டு தரம் போய் அனுமதி வாங்கினார்" என்பது காரணம். அதோடு விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் தனியே அழைத்து, "இந்தக் காட்சியை ஏன் இங்கே வைத்தீர்கள்? எதை வெட்டினீர்கள்?" என்று கேட்டால் போதும். வரப்பில் நின்றவர் சொல்லிவிடுவார். பெயர்ப் பட்டியலில் மட்டும் நின்றவர் சுவரைப் பார்ப்பார்.

திரையில் தெரியாத உழைப்பு இன்னொன்றும் உண்டு. அறிவியல்நகரிலும் பம்பைமடுவிலும் தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள். ஒரு கலப்புக் குழு கிராமத்துக்குப் போனால், பேட்டி எடுப்பதும் அதை மொழிபெயர்ப்பதும் ஆங்கில வரியாகத் திரையின் அடியில் போடுவதும் தமிழ் தெரிந்த பிள்ளையின் தலையில் விழும். ஒரு மணித்தியாலப் பேச்சை எழுதி மொழிபெயர்க்க ஒரு முழு இரவு போகும். படத்தில் அது இரண்டு வரி எழுத்து. அதேபோல, நாட்குறிப்பு, செலவுக் கணக்கு, எல்லாரையும் ஞாபகப்படுத்துவது போன்ற வேலைகள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளிடம் போய்ச் சேரும். கமெராவைப் பிடித்தவரும் முன்னால் நின்று பேசியவரும் நாயகர் ஆகிவிடுவார்கள். ஆகவே யார், எந்த நாள், எந்த வேலை, எத்தனை மணித்தியாலம் என்று ஒரு வேலைக்கொப்பி எழுதவேண்டும். அந்தக் கொப்பிக்கும் புள்ளி வேண்டும். அது பாடவிதிக்குப் பொருந்தாத ஒன்றுமல்ல. நம் தகைமைச் சட்டகத்தில் ஒரு திறமையலகு என்பதே மாணவரின் 50 மணித்தியால உழைப்பு என்றுதான் கணக்கு. அந்த உழைப்பு எங்கே போனது என்று கொப்பி காட்டட்டும்.

பளபளப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல கைபேசியும் மடிக்கணினியும் உள்ள குழுவின் படம் இயல்பாகவே மினுங்கும். வானத்திலிருந்து எடுத்த காட்சி, பின்னணி இசை, சுழலும் எழுத்து எல்லாம் வரும். பழைய கைபேசியால் எடுத்த குழுவின் படம் மங்கலாக இருக்கும். கண்ணுக்கு அழகானதற்குக் கை தானாகக் கூடப் போட்டுவிடும். பிறகு நாம் அளந்தது தகப்பனின் வருமானத்தையே தவிர மாணவரின் அறிவை அல்ல. என் கணக்கில், தொழில்நுட்ப அழகுக்கு நூறில் பத்துக்கு மேல் போகக்கூடாது. சொன்ன விடயம் சரியா, சான்று உண்டா என்பதற்கு நாற்பது. வேலைக்கொப்பிக்கு இருபத்தைந்து. தனியே பேசும் ஐந்து நிமிடத்துக்கு இருபத்தைந்து. கேட்கும் குரல் தெளிவாக இருந்தால் போதும். மங்கலான படத்தைக் கண் பொறுக்கும், இரைச்சலைக் காது பொறுக்காது.

டேற்றாச் செலவையும் நினைக்கவேண்டும். சாதாரணக் கைபேசியில் உயர்தரமாக எடுத்த காணொளி நிமிடத்துக்கு 100 மெகாபைற்றைத் தாண்டும். ஏழு நிமிடப் படத்தை அனுப்பவே முக்கால் கிகாபைற் போகும். எடுத்துக் குவித்தவற்றைக் குழுவுக்குள் பரிமாறுவது இதைப் போலப் பல மடங்கு. சிக்னல் வர மரத்தடிக்கும் மேட்டுக்கும் நடந்து, கொரோனாக் காலத்தில் படித்த பிள்ளைகள் இவர்கள். பென்டிரைவில் கொண்டுவந்து தரலாம், தரத்தைக் குறைத்து எடுக்கலாம், பீடத்தின் கணினிக் கூடத்தை மாலையில் திறந்து வைக்கலாம். இவையெல்லாம் சிறிய உதவிகள்தான். ஆனால் இவை இல்லாவிட்டால் பரீட்சை தொடங்கும் முன்பே சிலர் தோற்றுவிடுவார்கள்.

இதுவரை மாணவரைப் பற்றிப் பேசினேன். திரையில் முகம் தெரிந்தும் ஒரு புள்ளியும் பெறாத ஒருவர் இருக்கிறார்: படமெடுக்கப்பட்டவர்.

வன்னியில் கமெரா சாதாரணப் பொருளல்ல. போர்க்காலத்தில் பதிவான காட்சிகள் இன்னமும் உலகத்தின் முன் சாட்சியாக நிற்கின்றன. 2009 க்குப் பிறகு முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் வந்தவர் போனவர் எல்லாரும் நம்மைப் படமெடுத்தார்கள். தறப்பாள் கொட்டிலைப் படமெடுத்தார்கள், கிணறு கட்டியதும் அதன் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கியபோது, படம் எடுப்பவர் ஊடகக்காரரா, வேறு யாருமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கவேண்டியிருந்தது. ஆகவே ஒரு மாணவர் குழு கைபேசியை நீட்டியதும் ஒரு பெரியவர், "தம்பியவை, உதை ஆருக்குக் காட்டப் போறியள்?" என்று கேட்டால் அது விடுப்புக் கேள்வியல்ல. அனுபவம் கேட்கிற கேள்வி. அதற்கு நேரான பதில் கையில் இல்லாதவர் படமெடுக்கக் கூடாது.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்றை 2022 இல் நம் பாராளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. ஒருவரின் முகமும் குரலும் அவருடையவை. அவை விரிவுரையாளருக்கு மட்டுமா, யூரியூப்புக்கா என்று முதலிலேயே சொல்லி, தமிழில் எழுதி, ஒப்புதல் வாங்கவேண்டும். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கவேண்டும். புள்ளிக்காகப் போகும் பிள்ளைகள் துயரத்தைத் தேடிப் போகாமல் இருப்பதும் நல்லது. அழுகிற தாயைக் காட்டினால் வகுப்பு அமைதியாகும், புள்ளியும் கூடலாம். ஆனால் அந்தத் தாய் உங்கள் ஒப்படைக்காக இன்னொரு தரம் அழுதிருக்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

இந்தச் சிக்கலுக்கு வழி தேடும்போது, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலுள்ள ஃபோகோ தீவு என் ஞாபகத்துக்கு வருகிறது. 1967 இல் அந்தத் தீவு மீனவரின் நிலை மோசம். மீன் குறைந்தது, வேலை இல்லை, ஊரைக் காலிசெய்து வேறிடம் போகும்படி அரசின் நெருக்குதல். ஊருக்கு ஊர், சமயத்துக்குச் சமயம் பிரிந்திருந்ததால் ஒன்றாகப் பேசவும் ஆளில்லை. கனடிய தேசியத் திரைப்படச் சபையின் இயக்குநர் கொலின் லோ, மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவோடு சேர்ந்து அங்கே போய்க் குறும்படங்கள் எடுத்தார். இரண்டு டசினுக்கு மேற்பட்ட சிறு சிறு படங்கள். ஒரு மீனவர் பேசுவது, ஒரு கூட்டம், ஒரு கலியாண வீடு இப்படி. படத்தில் இருந்தவர்களுக்கு முதலில் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே மற்றவர்களுக்குக் காட்டினார்கள். ஓர் ஊர்ப் படத்தை அடுத்த ஊர் மண்டபத்தில் திரையிட்டார்கள். நம் பிரச்சினைதான் அவர்களுக்கும் என்று தீவு மக்கள் கண்டது அப்போதுதான். பிறகு அந்தப் படங்கள் அமைச்சர்கள் வரை போயின. மீனவர் கூட்டுறவு அமைத்துப் படகு கட்டினார்கள், மீன் பதனிட்டார்கள், தீவைவிட்டுப் போகவில்லை. படங்கள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை, மக்கள்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அந்தத் திரை உதவியது.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணமும் உண்டு. பெங்களூரில் மைக்ரோசொஃப்ட் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய 'டிஜிற்றல் கிறீன்', நிபுணர்களை விட்டுவிட்டு அந்தந்த ஊர் விவசாயிகளையே படம் பிடித்து அயல் விவசாயிகளுக்குத் திரையிட்டது. தங்களைப் போன்ற ஒருவர், தங்கள் பேச்சில், தங்கள் மண்ணில் நின்று செய்து காட்டினால் மக்கள் காது கொடுத்தார்கள்.

இதைக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் கொண்டுவந்து பாருங்கள். விவசாய பீட மாணவர் எடுத்த படம் விரிவுரையாளரின் கணினியில் ஒரு தரம் ஓடி, புள்ளி விழுந்ததும் மறைந்துபோனால் அந்தப் படத்தின் ஆயுள் ஏழு நிமிடம். அதே படம் தமிழில் அந்த ஊர்ச் சனசமூக நிலையச் சுவரில் ஒரு பின்னேரம் ஓடினால்? படத்தில் பேசிய ஐயாவே முதல் பரீட்சகர். "நான் அப்பிடிச் சொல்லேல்லை, தம்பி" என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால், எந்த விரிவுரையாளரும் கண்டுபிடிக்க முடியாத பிழை பிடிபட்டுவிடும். சிறுபோகக் கூட்டத்தில் தண்ணீர்ப் பங்கு பேசும் கமக்காரர் கடைமடை வயலின் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சின் போக்கும் மாறக்கூடும். படத்தில் உழைத்தவர் பட்டியலில் அந்த ஐயாவும் சேரவேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. அவருக்குப் புள்ளி தேவையில்லை. படத்தைக் கொண்டுவந்து காட்டினால் போதும்.

ஆகவே மூன்று தரப்பாருக்கும் இந்தப் பக்கத்தின் வேண்டுகோள் இது.

விரிவுரையாளர்களே, குழுவை ஐந்துக்கு மேல் பெருக்காதீர்கள். எட்டுப் பேர் இழுத்த கயிற்றின் கதை உங்களுக்குத் தெரியும். எதற்கு எத்தனை புள்ளி என்று முதல் நாளே தாளில் எழுதிக் கொடுங்கள். வேலைக்கொப்பியை இறுதி நாளில் மொத்தமாக வாங்காமல் இடையிலும் பாருங்கள். ஒரே இரவில் ஐந்து வாரக் கொப்பியை ஐந்து நிறப் பேனையால் எழுதும் வித்தை நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. காட்டிவிட்டு வந்த ஊரின் கையெழுத்துக்கு, அழகுக்கான பத்தில் ஐந்தையாவது எடுத்து வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, கமெராவை நீட்டுமுன் பத்து நிமிடம் சும்மா இருந்து பேசுங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். வேலை செய்யாத நண்பனுக்கு இருபது போடுவது நட்பல்ல. அது, இரவிரவாக மொழிபெயர்த்த பிள்ளையின் புள்ளியில் கை வைப்பது.

பெற்றோரே, போனோடு திரியும் பிள்ளையை ஏசுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில உன்ரை வேலை என்ன?" பிள்ளை உடனே பதில் சொன்னால் நம்பி விடுங்கள். படமெடுக்கக் காணிக்கு வந்தவர் அயல் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் தெற்கிலிருந்து வந்த பிள்ளையாக இருந்தாலும், கேட்பதற்கு மறுமொழி சொல்லி உதவுங்கள். எடுத்ததைத் திரும்பக் கொண்டுவந்து காட்டும்படியும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பங்குக்கு ஒன்றைச் செய்ய நினைக்கிறோம். உங்கள் ஊரில் சனசமூக நிலையமோ பொதுநோக்கு மண்டபமோ இருந்து, ஒரு வெள்ளைச் சுவரும் மின்சாரமும் அங்கே இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். தாங்கள் எடுத்த படத்தை ஊருக்குக் காட்ட விரும்பும் மாணவர் குழுக்களும் எழுதுங்கள். இரண்டு கடிதத்தையும் சேர்த்துவைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த இதழிலிருந்து அப்படித் திரையிடப்பட்ட ஒவ்வொரு படத்தைப் பற்றியும் ஒரு பத்தி வரும். அந்தப் பத்தியை எழுதப்போவது விமர்சகரல்ல, படத்தைப் பார்த்த ஊர்க்காரர் ஒருவர். எழுதத் தெரியாது என்று பின்நிற்க வேண்டாம். சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்